பிளெட்சரின் புத்தகமும் ஒரு ‘முதலியன’வும்

போன வருஷம் எங்கள் வீட்டுப் பக்கத்து ஏரியைச் சீரமைக்கும் திட்டத்துக்கு ஒரு வரைவு அறிக்கை வந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். கரையை உயர்த்துவார்கள், சுற்றி நடைபாதை போடுவார்கள், நடுவில் பறவைக்கு ஒரு மண்திட்டு, ஓரத்தில் சிறுவர் பூங்கா. குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்தப் பிடிஎஃப்பைப் போட்டார்கள். உயிரினங்கள் பற்றிய பகுதியைத்தான் முதலில் திறந்தேன். பறவைகளுக்கு இரண்டு பக்கம். தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், அறிவியல் பெயர் மூன்றும் போட்டு அட்டவணை. மீனுக்கு அரைப் பக்கம். தவளைக்கும் பாம்புக்கும் நாலு வரி. கடைசியில் ஒற்றை வரி: பட்டாம்பூச்சி, தட்டான் முதலியன காணப்படுகின்றன.

அந்த ‘முதலியன’வைத் தாண்டிப் போக முடியவில்லை. 2024 ஜூன் 30-ல் ஜூவாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா நாட்டின் விலங்குப் பட்டியலை இணையத்தில் வெளியிட்டது. மொத்தம் 1,04,561 இனங்கள். பாலூட்டி, பறவை, ஊர்வன, தவளை, மீன் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினாலும் அதில் பத்தில் ஒரு பங்கு வராது. மீதி முழுக்க முதுகெலும்பு இல்லாதவை. பாதிக்கு மேல் பூச்சிகள் மட்டுமே. பத்தில் ஒன்றுக்கு இரண்டரைப் பக்கம் கொடுத்த அறிக்கை, பத்தில் ஒன்பதை ஒரே வார்த்தைக்குள் போட்டுப் பூட்டிவிட்டது.

எழுதியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இந்தப் பழக்கத்தை அவர் எங்கிருந்தோ வாங்கியிருக்கிறார். எங்கிருந்து என்று தேடிப்போனதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு. நான் விலங்கியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷமாக டேட்டாபேஸ் வேலை. ஒரு பழைய பூச்சிப் புத்தகத்தை டேட்டாபேஸ்காரன் கண்ணோடு படித்திருக்கிறேன், அவ்வளவுதான். துறை சார்ந்தவர்கள் தவறு கண்டால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

புத்தகம்

1914-ல் மதராஸ் அரசு அச்சகம் வெளியிட்டது. ஆசிரியர் டி. பெயின்பிரிக் பிளெட்சர். ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘முக்கியமான சில தென்னிந்தியப் பூச்சிகளும் பிற விலங்குகளும், குறிப்பாகப் பொருளாதார நோக்கில்’ என்று வரும். ஐந்நூறு பக்கத்துக்கு மேல், படங்களோடு. இணையத்தில் ஸ்கேன் இலவசமாகவே கிடைக்கிறது.

பிளெட்சர் பிரிட்டிஷ் கடற்படையில் கணக்கு வழக்குப் பார்க்கும் அதிகாரியாக இருந்தவர். 1905-ல் சீலார்க் என்ற கப்பல் இந்தியப் பெருங்கடலில் ஆய்வுப் பயணம் போனபோது கூடப் போனார். அவருடைய சொந்தப் பித்து சிறு அந்துப்பூச்சிகள். அதிலும் சிறகு இறகுபோலப் பிளந்திருக்கும் ஒரு குட்டி வகை. பிறகு மதராஸ் மாகாண அரசின் பூச்சியியலாளராகக் கோயம்புத்தூரில் வேலை. அதற்குப் பிறகு பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் மொத்த இந்தியாவுக்குமான பூச்சியியலாளர்.

புத்தகம் நல்ல புத்தகம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வகைப்பாட்டு நூல்களைப் பிரித்தாலே காலின் எத்தனையாவது கணுவில் எத்தனை முள் என்று ஆரம்பிக்கும். பிளெட்சர் அப்படி இல்லை. விவசாயத் துறைக்காரரும் தோட்டம் வைத்திருப்பவரும் படித்துப் புரிந்துகொள்ளவேண்டும் என்ற எண்ணம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. நெல்லுக்கு எது, கரும்புக்கு எது, பருத்திக்கு எது, தென்னைக்கு எது என்று பயிரிலிருந்து பூச்சிக்குப் போகலாம். பூச்சியிலிருந்து பயிருக்கும் திரும்பலாம். இரண்டு பக்கமும் இன்டெக்ஸ் போட்ட டேபிள் மாதிரி. 1914-ல் இதைக் கையாலேயே செய்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு பூச்சிக்கும் ஏறக்குறைய ஒரே சட்டகம்: எங்கே கிடைக்கிறது, வாழ்க்கைச் சுற்று என்ன, எதைத் தின்கிறது, எவ்வளவு தீங்கு, எப்படிக் கட்டுப்படுத்துவது. எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் ஸ்கீமா. ஸ்கீமா வகுத்த நாளிலேயே எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது என்பது முடிவாகிவிடுகிறது. என் விமர்சனம் இந்த இடத்தில் ஆரம்பிக்கிறது.

பயிரைத் தின்னாத, தின்பதைத் தின்னாத, நம்மைக் கடிக்காத ஒரு பூச்சியை இந்தச் சட்டகத்தில் எங்கே வைப்பது? ‘எவ்வளவு தீங்கு’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? ஒன்றும் எழுத முடியாது. ஒன்றும் எழுத முடியாதது புத்தகத்துக்குள் வராது, அல்லது ஓரமாக வந்துவிட்டுப் போகும். தலைப்பிலேயே இருக்கிற ‘முக்கியமான’ என்ற சொல்தான் வாசல் காவலாளி.

இது பிளெட்சரோடு தொடங்கியதும் இல்லை. 1786-ல் மதராஸில் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், இங்கே புல்லில் கண்ட ஒரு பூச்சி விலையுயர்ந்த செஞ்சாயம் தரும் காச்சினியலாக இருக்கும் என்று நம்பி, லண்டனுக்கு ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். உண்மையான காச்சினியல் பூச்சி வந்தால் வளர்க்க சைதாப்பேட்டையில் சப்பாத்திக் கள்ளித் தோட்டமே போட்டார்கள். உள்ளூர்ப் பூச்சியிலிருந்து எதிர்பார்த்த சாயம் தேறவில்லை. ‘இது என்ன’ என்று கேட்பதற்கு முன்னால் ‘இதனால் என்ன கிடைக்கும்’ என்று கேட்பது இந்த ஊரில் இருநூறு வருஷத்துக்கு மேல் பழைய வழக்கம்.

நியாயமாகப் பார்த்தால்

பிளெட்சர் பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை. அவருக்குச் சம்பளம் கொடுத்தது விவசாயத்துக்காக. பஞ்சங்களின் நினைவு மங்காத காலம். விளைச்சலில் ஒரு பங்கைப் பூச்சி கொண்டுபோகிறது என்றால் அந்தப் பூச்சியை முதலில் படிப்பதுதான் முறை. ‘சில’ என்றும் ‘பொருளாதார நோக்கில்’ என்றும் தலைப்பிலேயே எல்லை கட்டியிருக்கிறார். மொத்தத்தையும் சொல்கிறேன் என்று அவர் எங்கேயும் ஏமாற்றவில்லை. தன் சொந்தக் காதலான இறகுச் சிறகு அந்துப்பூச்சியை ஓய்வு நேரத்துக்கு ஒதுக்கிவிட்டு, ஆபீஸ் நேரத்தில் கரும்புத் துளைப்பானைப் பார்த்த மனுஷர். எனக்கு இது நன்றாகவே புரிகிறது.

அந்தத் தலைப்பில் இருந்த ‘சில’வை நாம்தான் தொலைத்தோம். 1940-ல் டி.வி. ராமகிருஷ்ண அய்யர் தென்னிந்தியாவுக்கு எழுதிய கையேடும் பொருளாதாரப் பூச்சியியல் கையேடுதான். வேளாண் துறைச் சுவரொட்டிகளில் ‘நன்மை செய்யும் பூச்சிகள்’, ‘தீமை செய்யும் பூச்சிகள்’ என்று இரண்டே பத்தி. தமிழில் பூச்சிக்குக் கொடுக்கிற விஷத்துக்குப் பெயர் ‘மருந்து’. நூறு வருஷத்தில் ஒரு துறையின் சட்டகம் ஒரு மொழியின் பார்வையாகவே ஆகிவிட்டது. ஏரி அறிக்கை எழுதியவர் பிளெட்சரைப் படித்திருக்கமாட்டார். ஆனாலும் அவர் நிரப்பியது பிளெட்சரின் படிவத்தை.

சட்டகம் உடையும் இடங்கள்

‘முக்கியம்’ என்பதை ஒரு பூச்சியின் குணமாகப் பதிவு செய்வதில் உள்ள சிக்கல், அது நிலையாக இருப்பதில்லை என்பதுதான்.

பப்பாளி மாவுப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பூர்வீகம் மெக்சிகோ பக்கம். அங்கே ஒரு தொல்லையும் இல்லாமல் எதிரிகளோடு சேர்ந்து வாழ்ந்தது. கரீபியத் தீவுகளுக்குப் போனபோது பயிரை அழித்தது. 2008-ல் கோயம்புத்தூரில் தென்பட்டது. அடுத்த இரண்டு வருஷத்தில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போய், எத்தனை மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டன. அதில் முன்னால் நின்றது அசெரோஃபேகஸ் பப்பாயே, ஒரு கடுகைவிடச் சிறியது. அது பரவிய இடத்தில் மாவுப்பூச்சி அடங்கியது. இந்தக் குளவிக்கு அறிவியல் பெயர் வைத்ததே 2003-ல்தான். மாவுப்பூச்சி ஊர் ஊராக நாசம் செய்யும்வரை அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்கக் காரணம் யாருக்கும் இருக்கவில்லை. எந்த ‘முதலியன’வுக்குள் நமக்கு வேண்டிய அடுத்த குளவி இருக்கிறது என்று முன்கூட்டி எப்படித் தெரியும்?

ரொனால்ட் ராஸ் கதை இன்னும் கூர்மையானது. மலேரியாக் கிருமி கொசு வயிற்றில் இருப்பதை 1897 ஆகஸ்டில் செகந்தராபாத்தில் கண்டார். அதற்கு முன்னால் இரண்டு வருஷம் தவறான கொசுக்களை அறுத்துக்கொண்டிருந்தார். அவர் கையில் கொசு வகைகளைப் பிரித்தறியும் நூல் இல்லை. சாம்பல் கொசு, வரிக் கொசு, புள்ளிச் சிறகுக் கொசு என்று தானாகவே பெயர் வைத்து ஓட்டினார். கடைசியில் புள்ளிச் சிறகுதான், அதாவது அனாஃபிலிஸ்தான், விடை. மனித உயிரைக் குடிக்கிற பூச்சியிலேயே எது எது என்று தெரியாத நிலைமை. அந்த இரண்டு வருஷம் ‘முதலியன’வுக்கு நாம் கட்டிய அபராதம்.

மூன்றாவது உதாரணம் கம்பூசியா மீன். அமெரிக்கப் பூர்வீகம், 1928-ல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. கொசுப் புழுவைத் தின்னும் என்று கிணற்றிலும் குட்டையிலும் விட்டோம். அது கொசுப் புழுவை மட்டும் பார்த்துப் பொறுக்கித் தின்பதில்லை. தலைப்பிரட்டையையும் தட்டான் குஞ்சையும் சேர்த்தே தின்கிறது. தட்டானின் இளம்பருவம் முழுக்கத் தண்ணீருக்குள். அதன் சாப்பாட்டில் கொசுப் புழுவும் உண்டு. கொசுவை ஒழிக்க விட்ட மீன், கொசுவைத் தின்பதையும் ஒழிக்கிறது. பொருளாதார நோக்கில் மட்டும் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது.

வேறு மாதிரி ஒரு புத்தகம்

எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நூல் இருக்கிறது. எஃப்.சி. ஃபிரேசர் எழுதிய தட்டான்கள் பற்றிய மூன்று தொகுதிகள், 1933, 1934, 1936. ‘பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினம்’ வரிசையில் வந்தவை. ஃபிரேசர் ராணுவ மருத்துவர். தட்டான்களைப் படிக்க அவருக்கு யாரும் சம்பளம் தரவில்லை. தட்டான் பயிரைத் தின்னாது, சாயம் தராது. ஆனாலும் சிறகு நரம்பு ஒவ்வொன்றையும் எண்ணி எழுதினார்.

இதிலும் குறை உண்டு. செத்த பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு உருப்பெருக்கி வழியாகப் பார்ப்பவருக்கு எழுதியது. ஏரிக்கரையில் போனோடு நிற்கிற என்னைப்போன்றவனுக்கு முதல் பத்துப் பக்கத்திலேயே மூச்சு வாங்குகிறது. வாசிப்புச் சுகத்தில் பிளெட்சர் எங்கேயோ இருக்கிறார். ஆனால் இன்று இந்தியாவில் ஏறக்குறைய 500 வகைத் தட்டான், ஊசித்தட்டான் இருக்கின்றன என்று நம்மால் சொல்ல முடிவது ஃபிரேசர் போட்ட அஸ்திவாரத்தின் மேல் நின்றுதான்.

அதைவிடப் பழைய அடுக்கும் ஒன்று உண்டு. லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். இந்தக் கரையிலிருந்து போன பூச்சிகளுக்கு டென்மார்க்கில் பிறந்த ஃபேப்ரிசியஸ் வரிசையாகப் பெயர் வைத்தார். எங்கள் ஏரிக் கோரையில் இன்றும் உட்கார்ந்திருக்கும் மஞ்சள் ஊசித்தட்டானுக்கு 1798-ல் அவர் வைத்த பெயரில் ‘கோரமண்டல்’ இருக்கிறது, நம் சோழமண்டலம்தான். இன்னொன்று 1793-ல் பெயர் பெற்ற பிராக்கிதெமிஸ் கண்டாமினேட்டா. ‘கறைபட்டது’ என்று பொருள்; ஆண் பூச்சியின் சிறகில் ஆரஞ்சுக் கறை இருக்கும். இது சாக்கடை கலந்த தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். ஒரு ஏரியில் மற்றவை எல்லாம் குறைந்து இது மட்டும் கூட்டமாக நின்றால் தண்ணீர் எந்த நிலைமையில் இருக்கிறது என்று ஆய்வகம் போகாமலே ஊகிக்கலாம். இருநூறு வருஷம் முன்னால் யாரோ பயன் பார்க்காமல் பிரித்து வைத்ததால்தான் இன்று இதைச் சொல்ல முடிகிறது.

ஐப்பசி மழைக்கு முன்பின்னாக நம் மொட்டை மாடிக்கு மேலே கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தட்டானைப் பார்த்திருப்பீர்கள். நாங்கள் சின்ன வயசில் வாலில் நூல் கட்டிக் கல் தூக்க வைத்தது. பான்டாலா ஃபிளேவெசன்ஸ். இது மழைக் குட்டையில் பிறந்து, காற்றோடு மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகிறது என்று மாலத்தீவில் இருந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-ல் எழுதினார். (கள்ளித் தோட்ட ஆண்டர்சன் வேறு.) ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். பிளெட்சரின் கட்டங்களில் எதில் இதை எழுதுவது?

எண்ணியவர்கள்

எண்ணுவதில் ஒரு நாடு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இத்தாலி ஓர் உதாரணம். 1993-லிருந்து 1995-க்குள் அவர்கள் தங்கள் நாட்டு விலங்குப் பட்டியலை 110 சிறு தொகுதிகளாக வெளியிட்டார்கள். ஏறக்குறைய 57,000 இனங்கள். இந்தியா இத்தாலியைப்போலப் பதினோரு மடங்கு பரப்பு. மழைக்காடு, பாலைவனம், இமயமலை, பவளப்பாறை எல்லாம் இங்கே உண்டு. நம் எண்ணிக்கை அவர்களுடையதில் இரண்டு மடங்குகூட இல்லை. நம்மிடம் பூச்சி குறைவு என்று இதற்குப் பொருள் இருக்க முடியாது. இன்னும் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

பார்ப்பவர்கள் எல்லாரும் விஞ்ஞானியாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. ஜெர்மனியில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 வருஷத்தில் 75 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது என்று 2017-ல் வந்த ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதற்கான மாதிரிகளை 63 இடங்களில் பொறுமையாகச் சேகரித்தது கிரேஃபெல்ட் என்ற ஊரின் பூச்சி ஆர்வலர் சங்கம். பெரும்பாலும் நம்மைப்போல வேறு வேலை பார்ப்பவர்கள். அவர்கள் நன்மை, தீமை என்று பிரிக்கவில்லை. வலையில் விழுந்ததை எல்லாம் எடை போட்டு வைத்தார்கள். பிரித்து, வேண்டியதை மட்டும் வைத்திருந்தால் அந்த இழப்பு கண்ணில் பட்டிருக்காது.

மறுபடியும் ஏரி

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனேன். மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்த போட்டோக்களிலிருந்து ஒரு பட்டியல் கொண்டுபோனேன். தட்டான், ஊசித்தட்டான், பட்டாம்பூச்சி, நத்தை, சிலந்தி. பெரிய பட்டியல் இல்லை. தட்டான் வகைகள் இருபதைக்கூடத் தொடவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: கரை முழுக்கக் கல் பதிக்காமல் ஒரு பக்கமாவது மண் சரிவாகவும் கோரையோடும் விடுங்கள். தட்டான் குஞ்சு தண்ணீரிலிருந்து மேலே ஏறித் தோலை உரிக்க ஒரு தண்டு வேண்டும்.

“பூச்சியா சார்? புகை மருந்து அடிக்கச் சொல்லணுமா?” என்றார் முதலில் ஒருவர். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். பக்கத்தில் இருந்த இளம் பொறியாளர் மட்டும் பட்டியலை வாங்கிப் புரட்டினார். கூட்டம் கலைந்தபிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: “சார், இதனால கொசு குறையும்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் உள்ள சேத்துடறேன். இல்லாட்டி மேல கேப்பாங்க, எதுக்குன்னு.”

எழுதிக் கொடுத்தேன்.

தட்டான் கொசுவைத் தின்கிறது என்பது பொய் இல்லை. ஆனால் நம் ஊர் மக்கள் பயப்படுகிற டெங்கு கொசு ஏரியில் முட்டையிடுவதில்லை. நம் மொட்டை மாடி டப்பாவிலும் தொட்டியிலும் பழைய டயரிலும் இடுகிறது. ஏரியில் எத்தனை தட்டான் இருந்தாலும் அந்த டப்பாவுக்குள் குஞ்சு வந்து உட்காரப் போவதில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வரியில் ‘கொசு கட்டுப்பாட்டுக்கு உதவும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினேன். நூறு வருஷம் முந்திய புத்தகத்தில் நான் குறை கண்ட அதே கட்டத்தை, என் கையாலேயே நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிளெட்சரை இப்போது கொஞ்சம் வேறு மாதிரி படிக்கிறேன். அவரும் யாரோ ஒரு மேலதிகாரி ‘எதுக்கு’ என்று கேட்பார் என்று தெரிந்தே அந்தத் தலைப்பை வைத்திருக்கலாம். அது என் ஊகம்தான். ஆனால் ‘எதுக்கு’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஒரு பூச்சி பட்டியலுக்குள் வரமுடியும் என்றால், நாளைக்கு யாராவது ‘தட்டானால் டெங்கு குறையவில்லையே’ என்று நிரூபிக்கும்போது, அதே வாசல் வழியாக அதை வெளியே அனுப்புவார்கள். அதற்கான சீட்டை எழுதியது நானாக இருக்கும்.

அதனால் இரண்டாவதாக ஒரு கடிதம் அனுப்பினேன். முதல் கடிதத்தில் கொசு பற்றிச் சொன்னது ஓரளவுக்கு மட்டுமே சரி என்று ஒரு பத்தி. அதன்பிறகு பட்டியல் மட்டும்: பெயர், பார்த்த தேதி, கரையின் எந்தப் பக்கம். பயன் என்று தனிக் கட்டம் வைக்கவில்லை. பறவை அட்டவணையிலும் அப்படி ஒரு கட்டம் இல்லை. நாரை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பூச்சிக்கும் அந்த மரியாதை போதும்.

இறுதி அறிக்கை இன்னும் வரவில்லை. கோரை இருக்கும் பக்கம் அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லின் மேல் ஒரு கண்டாமினேட்டா உட்கார்ந்திருந்தது. தேதி போட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.